மாதொரு பாகன் செப்புத் திருமேனி

ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்பதாகச் சொல்லக் கவிஞனுக்கு ஒரு சொற்றொடர் போதும். சிற்பிக்கோ அது பெருஞ் சங்கடம். உடலை உச்சி முதல் அடி வரை நடுவே பகுத்து, ஒரு புறம் ஆண்மையையும் மறு புறம் பெண்மையையும் அமைத்தால், இரண்டு அரைப் பதுமைகளை ஒட்டவைத்தாற்போல் தோன்றிவிடக்கூடும். இவ்விடர்ப்பாட்டைச் சோழ நாட்டுச் சிற்பி ஒருவர் வென்ற விதத்தை, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தநாரீசுவரர் திருமேனியிற் காணலாம். சீர்காழிக்கு அண்மையிலுள்ள திருவெண்காட்டில் கிடைத்த இத்திருமேனி, 11-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது.

வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிவனுக்கு இரண்டு கைகள்: ஒன்று மழுவை ஏந்த, மற்றொன்று அபயம் அளிக்கிறது. உமைக்கு ஒரே கை. மலர் தாங்குவதுபோல் விரல்கள் மடிந்துள்ளன. ஆக மூன்று கைகள்! நான்காக வைத்திருந்தால் கணக்குச் சரியாயிருக்கும். ஆனால் உமையின் தோள் இவ்வளவு மென்மையாக இறங்கியிராது. ஆடை ஒரு புறம் தொடையளவில் நிற்கிறது. மறுபுறம் கணுக்கால் வரை நீள்கிறது. இத்தனை வேற்றுமையும் உடலின் ஒரே வளைவுக்குள் அடங்கிவிடுகின்றது. முகத்திலோ ஒரே அமைதி. எந்த இடத்தில் ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது என்று கண்ணாற் பிரிக்க இயலவில்லை. இதுவே இச்சிற்பியின் மேதை என்பது என் கருத்து.

வார்ப்பு முறையும் இதற்குத் துணை நிற்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் சமைப்பர். அதன்மேல் களிமண் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருக்கிய செம்புக் கலவையை வார்ப்பர். மண் கூட்டை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டும். அந்த அச்சு மறுமுறை உதவாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர்.

பம்பாயில் வாழும் நம்மவர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. படகேறி எலிபெண்டாக் குகைக்குச் சென்றால், அங்கே பாறையிற் செதுக்கிய பேருருவ அர்த்தநாரியைக் காணலாம். அவருக்குக் கைகள் நான்கு. சாய்ந்து நிற்பதற்கு நந்தியும் அருகில் உண்டு. திருவெண்காட்டுத் திருமேனியோ எதன்மீதும் சாயாமல் நிற்கிறது.