லாபம் வேறு, ரொக்கம் வேறு!

பி.காம். முடித்த என் பெண், எம்.காம். சேர்ந்து நிதி மேலாண்மை படிக்கப் போகிறேன் என்றபோது, "கம்பெனிக்காரங்க கணக்கு உனக்கு எதுக்குடி? அந்தப் பணத்துக்கு ஒரு தங்கக் காசு வாங்கி வைக்கலாம்" என்று முட்டுக்கட்டை போட்டவள் நான்தான்.

வீட்டிலேயே சாம்பார் பொடி, ரசப் பொடி அரைத்து மூன்று கடைகளுக்குப் போடுகிறேன். மாதம் 12,000 ரூபாய்க்குச் சரக்கு போகும். செலவு 9,000 போக லாபம் 3,000. ஆனால் லாபம் நோட்டில்தான் இருக்கும். கையில் காசு இருக்காது! ஒருநாள் மிளகாய் வாங்கப் பணமில்லாமல் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டேன்.

"கொஞ்சம் இரும்மா" என்று என் பெண் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "கடைக்காரங்க எத்தனை நாள்ல பணம் தர்றாங்க?"

"ஒன்றரை மாசம் ஆகும்."

"மிளகாய், மல்லிக்கு?"

"அதுக்குக் கைமேல காசு."

"அப்போ உன் ஒன்றரை மாசச் செலவு, 13,500 ரூபாய், எப்பவும் கடைக்காரங்ககிட்டேயே மாட்டிக்கிட்டிருக்கு. இதைத்தான் நடைமுறை மூலதனம்னு படிக்கிறோம். 15 நாள்ல பணம் வந்தா 4,500 போதும். 9,000 உன் கைக்கே வந்துடும். வளையலை வச்சு வட்டி ஏன் கட்டணும்?"

லாபம் காட்டும் பெரிய கம்பெனிகள்கூட ரொக்கம் இல்லாமல் திண்டாடுவது இப்படித்தானாம்.

அவள் பாடத்தில் முக்கியமாக மூன்று கேள்விகள். பணத்தை எதில் போடுவது? அதை எப்படித் திரட்டுவது, கடனா, பங்கா? லாபத்தில் பங்குதாரர்களுக்கு எவ்வளவு, தொழிலுக்கு எவ்வளவு? யோசித்துப் பார்த்தால் நம் வீட்டுக் கேள்விகளும் இவைதானே!

இன்னொரு சுலபக் கணக்கும் சொல்லித் தந்தாள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், கூட்டு வட்டியில் பணம் ஏறக்குறைய எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 8 சதவிகிதம் என்றால் 9 வருஷம். "பத்தே வருஷத்தில் டபுள்!" என்று யாராவது வந்தால், "வட்டி ஏழு சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதானே?" என்று வாசலிலேயே கேட்டுவிடுகிறேன்.

கூச்சத்தை விட்டுக் கடைக்காரர்களிடம் பேசினேன். இரண்டு பேர் 15 நாளில் தர ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் முகத்தைச் சுளித்தார். அந்தக் கடைக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். வளையல் கையிலேயே இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பெண் இந்தப் படிப்பைக் கேட்டால் என்னைப்போல் தடுக்காதீர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தபடியே பி.காம். படிக்கலாம்.

இந்த முறை என் பெண்ணின் பரீட்சை ஃபீஸ், கடைகளிலிருந்து மீண்டு வந்த அந்தப் பணத்திலிருந்துதான் கட்டினேன்!