சங்கப் பேரேடும் மண்வள அட்டையும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு ஒரு குறை நெடுநாளாக உண்டு. உரமூட்டைகள் மிகுதியாக விற்ற ஆண்டே நற்பயன் கண்ட ஆண்டு என்று பேரேடு சொல்லும். அம்மூட்டைகளை ஏற்ற நிலம் செழித்ததா, இளைத்ததா என்பதற்கு அதில் ஒரு பத்தியும் இல்லை.

இக்குறையைப் போக்கவே மத்திய அரசு 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, இராஜஸ்தானத்துச் சூரத்கட்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கிற்று. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், அங்ககக் கரிமம் முதலாகப் பன்னிரண்டு அளவைகளை அவ்வட்டை தருகின்றது. நன்முயற்சியே. ஆயினும் தொடக்கத்தில் வகுத்த விதிப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாகவே மண் மாதிரி எடுக்கப்பட்டது. பத்து ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 25 ஏக்கர். நம் அங்கத்தினருள் ஓரிரு ஏக்கர் உடையோரே மிகுதி.

நாம் பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில், முதியவர் ஒருவர் தம் அட்டையையும் பங்காளியின் அட்டையையும் மேசைமேல் வைத்தார். எண்கள் யாவும் ஒன்றே. “அவன் வயல் களி, என் வயல் மணல். இது யார் மண் ஐயா?” என்றார். நமக்கு விடை தோன்றவில்லை.

நெசவாள அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை நிற்கின்றதோ, அதுவே நூலின் நம்பர். அடுத்த வீட்டு நூலை நிறுத்துப் பார்த்து நம் நூலுக்கு நம்பர் சொன்னால் பாவு ஓட்டுவோமா?

அளவை சரியாயினும் விலை வேறு திசைக்கு இழுக்கின்றது. 2010 ஏப்ரலில் சத்தின் அடிப்படையில் மானியம் என்னும் முறை வந்தபோது, யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை ஏறிற்று; யூரியா மலிவாகவே நின்றது. சாம்பல்சத்துக் குறைவு என்று அட்டை சொல்லினும், கையிருப்பு யூரியாவுக்குத்தானே போதும்! பயிர்க்கடனும் ஏக்கருக்கு இன்ன பயிருக்கு இவ்வளவு என்றே அளக்கப்படுகின்றது; அட்டையைக் கேட்டு அன்று. இதில் அங்கத்தினரைக் குறைகூற நாம் துணியோம்.

மேற்கண்ட முதியவர் மறுமுறை தாமே மண் எடுத்தார். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் இவற்றை விலக்கி, பத்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ‘வி’ வடிவக் குழிகளை 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு வெட்டி, இருபக்கமும் மண்ணைச் சுரண்டிக் கலந்தார். நான்காய்ப் பகிர்ந்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக் கழித்து, அரைக்கிலோவாக்கித் துணிப்பையில் அனுப்பினார். மணிச்சத்து மிகுதி என்று முடிவு வந்தது. அங்ககக் கரிமமோ 0.4 சதவீதம், அரைச் சதவீதத்திற்குக் கீழாயின் குறைவு என்பது கணக்கு. அவ்வாண்டு அவர் டி.ஏ.பி. வாங்கவில்லை, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதார். அவரைக் கண்டு வேறு சிலரும் அவ்வாறே செய்தனர்.

சங்கத்தின் உர விற்பனை குறைந்தது. குறைவுக்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில், “அங்கத்தினர் தம் மண்ணை அளந்தனர்” என்று நாம் எழுதினோம். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்துள்ளது.