ஆபேரியும் ஆங்கில வாத்தியமும்

நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடலாகாது என்ற நெடுங்கால வழக்கம் 2006ஆம் ஆண்டில் நீங்கியது. அன்று அங்கு அமர்ந்து பாடியவர் நம் வலியசாலையில் வாழ்ந்த பாறசாலை பொன்னம்மாள் அம்மையார். 2021இல், தமது 96ஆம் வயதில் காலமாகும்வரை, பழைய பாணியை விட்டு விலகாதவர் அவர். அவர் விஷயத்தில் மாறியது பாடிய இடமேயன்றிப் பாட்டன்று. இதற்கு நேர்மாறாக, பாட்டையே அயல்நாட்டு வாத்தியங்களின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திய இன்னொரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றி நம் அன்பர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறேன்.

அவர் பெயர் சுசீலா ராமன். பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர். 1960களின் நடுப்பகுதியில் லண்டன் சென்று குடியேறியவர்கள். 1973இல் அங்கே பிறந்த சுசீலா, நான்கு வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தார். இரு முறை வேர் பெயர்ந்த அந்தக் குடும்பம் தமிழ்ப் பண்பாட்டை விட்டுவிடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தது. ஆகவே குழந்தைக்குக் கருநாடக சங்கீதம் கற்பித்தார்கள். சிறு வயதிலேயே மேடையேறிப் பாடினார். பதின்பருவம் வந்ததும் அந்தப் பெண் சிட்னி நகரில் சொந்தமாக ஒரு வாத்தியக் குழுவை அமைத்து, ‘ஃபங்க்’ என்னும் இசையைப் பாடத் தொடங்கிவிட்டது! புலம்பெயர்ந்த பெற்றோர் பலருக்கு இந்த நிலை புரியும்.

ஃபங்க் என்பது 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, ஜேம்ஸ் பிரவுன் முதலியோரால் உருவான இசை. அதில் இராகத்தைவிடத் தாளமே பிரதானம். நான்கு எண்ணிக்கையில் முதல் அடி ஓங்கி விழும். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிதார் அதைப் பற்றிக்கொண்டே சுழலும். ஆதி தாளத்தில் சமத்திற்கு வந்து சேர்வதில் நமக்குள்ள இன்பத்தை எண்ணிப் பார்த்தால், தாளம் போட்டு வளர்ந்த பெண்ணை அது ஏன் ஈர்த்தது என்பது விளங்கும்.

1995இல் சுசீலா இந்தியாவுக்கு வந்து, இளமையில் கற்ற சங்கீதத்தை மீண்டும் தேடினார். சுருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டும் பயின்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பியபின் அவருக்கு இசைத் துணைவராகவும் வாழ்க்கைத் துணைவராகவும் அமைந்தவர் கிதார் கலைஞர் சாம் மில்ஸ். இவர் ‘ட்வென்டி த்ரீ ஸ்கிடூ’ என்ற லண்டன் குழுவில் முன்னர் வாசித்தவர். ஃபங்க் தாளத்தோடு பிற நாட்டுப் பறையொலிகளையும் கலந்த அக்குழுவின் ‘செவன் சாங்ஸ்’ இசைத்தட்டு 1982இல் வெளிவந்தது. பின்னர் வங்காளத்துப் பவுல் பாடகர் பவன் தாஸ் என்பவருடனும் மில்ஸ் ஓர் இசைத்தட்டுச் செய்திருக்கிறார்.

இருவரும் உழைத்து 2001இல் வெளியிட்டது ‘சால்ட் ரெயின்’. அவ்வாண்டு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆங்கிலப் பாடல்களுடன் தியாகராஜ சுவாமிகளின் ‘நகுமோமு’ம் அதில் உண்டு.

ஆபேரியில் அமைந்த அக்கீர்த்தனையைக் கிதாரோடு பாடலாமா எனப் பெரியோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே அன்றோ? தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினை 1834இல் பரிசளித்தவர் நம் திருவனந்தபுரத்து மகாராஜா சுவாதித் திருநாள். வயலின் மட்டும் நம் கமகத்துக்கு முற்றிலும் வளைந்து கொடுத்தது. கிதாரின் ஸ்வரக் கட்டுகள் அவ்வளவு வளைவதில்லை. ஆதலின் சுசீலாவின் பாட்டில் நிரவலுக்கும் கற்பனை ஸ்வரத்துக்கும் இடம் குறைவு. இந்த இழப்பை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அவர் குரலில் விளையாட்டுத்தனம் இல்லை. வீட்டில் கற்றதையும் வீதியில் கேட்டதையும் ஒருங்கே மெய்யென்று நம்பிய ஒருவரின் குரல் அது.

2003இல் வந்த ‘லவ் டிராப்’ தொகுப்பில் நைஜீரியாவின் புகழ்பெற்ற தாள வித்தகர் டோனி ஆலன் வாசித்திருக்கிறார். 2005இல் வந்த ‘மியூசிக் ஃபார் க்ரோக்கடைல்ஸ்’ ஓரளவு சென்னையிலேயே பதிவானது. இடையில் மேனாட்டுப் பாடல்களை மட்டுமே கொண்ட தொகுப்பு ஒன்றும் வந்தது. அது எனக்கு அத்துணை சுவைக்கவில்லை.

2011இல் வந்ததோ ‘வேல்’. பெயரே சொல்லிவிடும். முருகன் பாடல்களைக் கோயில் மேடைகளில் ஆவேசத்தோடு பாடும் கோவை கமலா அம்மையாரிடம் மனம் பறிகொடுத்து, அவருடன் பழகி, அந்தப் பாடல்களைச் சுசீலா லண்டனுக்கு எடுத்துச் சென்றார். சபைக் கச்சேரியைக் காட்டிலும் தைப்பூசக் காவடிக்கு நெருங்கிய பாட்டு அது. ஓங்கி விழும் அடிக்கும் உரத்த குரலுக்கும் அங்கே கிதார் தடையாக இல்லை. உறுமியும் பம்பையும் செய்யும் வேலையை அது செய்கிறது. சுசீலாவை முதன்முறை கேட்க விரும்பும் அன்பர்கள் ‘நகுமோமு’வை விடுத்து ‘வேல்’ தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டுப் பிள்ளைகளும் உடன் அமர்ந்து கேட்பார்கள்.