ஒளி பழகு – 5: நிலாவை வைத்துப் போட்ட கணக்கு

1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் நாள் முழுக்க அலைந்தும் நினைத்த படம் சிக்காமல், சான்டா ஃபே நகருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார் ஆன்சல் ஆடம்ஸ். வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கிழக்கே நிலா ஏறிவிட்டது. மேற்கே சாயும் சூரியனின் கடைசி வெயில் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மேல் விழுந்து வெள்ளையாக மின்னுகிறது. வண்டியை நிறுத்தி, 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசரமாகப் பூட்டினார். லைட் மீட்டரைத் தேடினால் காணோம்.

நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனத்திலேயே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் போய்விட்டது. 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்ஸிகோ' என்று உலகம் கொண்டாடும் படம் அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வந்ததுதான்.

அப்பெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. மூன்றையும் சென்ற வாரங்களில் தனித்தனியாகப் பார்த்தோம். மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு ஆடம்ஸின் கணக்கே நல்ல பாடம்.

ஃபிலிமின் வேகம் 64. நிலா வெளுப்பாகவும் தெரிய வேண்டும், அதன் மேற்பரப்பும் அழியக் கூடாது. ஆகவே, நடுச் சாம்பல் நிறத்தைவிட இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தில் நிலா விழும்படி முடிவு செய்தார். அதற்கு எஃப் 8, 1/60 நொடி. லென்ஸில் இருந்த அடர்மஞ்சள் ஃபில்டர் மூன்று மடங்கு ஒளி கேட்கும். ஆக, 1/20 நொடி. முன்னிருக்கும் புதரிலிருந்து தொலைதூர மலைவரை எல்லாம் தெளிவாக விழ, அப்பெர்ச்சரை எஃப் 32 ஆகச் சுருக்கினார். 8, 11, 16, 22, 32 என்று எண்ணினால் நான்கு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். நான்கு முறை பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட நேரத்தைப் பதினாறு மடங்காக்கினால், ஏறக்குறைய ஒரு நொடி. அவர் கொடுத்ததும் அதுதான்.

எஃப் 8இல் 1/20 நொடி, எஃப் 32இல் ஒரு நொடி: இரண்டிலும் உள்ளே வரும் ஒளி கிட்டத்தட்ட ஒன்றே, கிடைக்கும் படம் வேறு. உங்கள் கேமராவிலும் இதேதான். ஊஞ்சலாடும் குழந்தைக்கு எஃப் 5.6, 1/125, ஐ.எஸ்.ஓ. 200 சரியாக இருக்கிறது, ஆனால் அசைவில் முகம் கலங்குகிறது என்று வையுங்கள். ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் இரண்டு ஸ்டாப் ஒளி போய்விடும். எஃப் 2.8க்குத் திறந்து மீட்டால் பின்னணி மங்கும், ஐ.எஸ்.ஓ.வை 800க்கு உயர்த்தி மீட்டால் படத்தில் புள்ளிகள் கூடும். இதில் எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதைக் கேமரா சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு முடிவும் உங்களுடையது. எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக்கவே கேமராவின் மீட்டர் பார்க்கும். வெள்ளை வேட்டி பழுப்பேறித் தெரிவதும், கருங்கல் சிலை வெளிறிப் போவதும் அதனால்தான். இரவு வானத்தின் இருட்டை நம்பி மீட்டர் ஒளியைக் கூட்டிவிடுவதால் முழுநிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிறது. உண்மையில் நிலாவின்மீது அடிப்பது வெயில். உச்சியில் நிற்கும் முழுநிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 1/100 நொடியே போதும்.

வெளிச்சத்தைக் காப்பாற்றினால் நிழல் விலை கொடுக்கும். ஆடம்ஸின் நெகட்டிவிலும் முன்புறம் மெலிந்தே விழுந்தது. 1948இல் ரசாயனம் கொண்டு அதை வலுவாக்கினார். டிஜிட்டலில், அடியோடு வெளுத்துப்போன இடத்தை மீட்கவே முடியாது. இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் காப்பாற்றுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: வெள்ளைத் துண்டு ஒன்றையும் கறுப்புக் குடை ஒன்றையும் ஒரே நிழலில் வைத்து, ஒவ்வொன்றும் சட்டம் நிறையும்படி தனித்தனியாக ஆட்டோவில் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வரும். பிறகு, பிளஸ்–மைனஸ் பொத்தானில் துண்டுக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டியும், குடைக்கு அதே அளவு குறைத்தும் எடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறம் படத்தில் வரும் அளவைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் ஹிஸ்டோகிராம் படிக்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.

(தொடரும்)