விண்கலத்தில் ஒட்டிச் செல்லும் நம் மண்



பூமியில் இல்லாத, விண்வெளியில் மட்டுமே வாழும் ஒரு நுண்ணுயிருக்கு மேதகு அப்துல் கலாம் அவர்களின் பெயரை நாசா சூட்டியது என்று 2017ஆம் ஆண்டு ஒரு செய்தி பரவியது. நம் வீடுகளிலும் மகிழ்ச்சியோடு பேசப்பட்டது. பெயர் சூட்டியது உண்மை. சொலிபாசில்லஸ் கலாமி என்பது அப்பெயர். மற்றது மிகை. சர்வதேச விண்வெளி நிலையத்தினுள் 40 மாதங்கள் காற்றைச் சுத்தம் செய்த வடிகட்டியில் அது கிடைத்தது. கண்டெடுத்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழு. அது பூமியிலிருந்து சரக்குடன் ஏறிச் சென்ற உயிர்தான் என்பதை அவரே தெளிவுபடுத்தினார். நம்மவர் பெயர் என்பதற்காக இல்லாத சிறப்பைக் கூட்டிச் சொல்வது கலாம் அவர்களுக்குப் பெருமையாகாது.

நிலையத்தின் உள்ளே காற்று உண்டு, இதமான வெப்பம் உண்டு. வெளியே எதுவுமில்லை. அங்கும் உயிர் பிழைக்குமா?

இதற்கு விடை நம் கரிசல் மண்ணிலேயே தொடங்குகிறது. கோடையில் கண்மாய்கள் வெடித்துக் கிடப்பதைப் பார்க்கிறீர்கள். நீர் வற்றும்போது பாசில்லஸ் வகை நுண்ணுயிர்கள் தம்மைத் தடித்த உறையிட்ட வித்தாக மாற்றிக்கொள்கின்றன. உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, உண்ணாமல், வளராமல் உறங்குகின்றன. மழை பெய்தால் விழிக்கின்றன. சிவகாசியில் பட்டாசைக் காயவைக்கும் வெயில் இவற்றைக் கொல்வதில்லை.

இத்தகைய ஒரு வகை கலிபோர்னியாவில் விண்கலம் பூட்டும் தூய அறையிலேயே கிடைத்தது. கிருமிநாசினிக்கும் அது எளிதில் மடியவில்லை. அதன் வித்துகளை விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 18 மாதங்கள் வைத்தனர். இருட்டில் வைத்தவற்றில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது வரை பிழைத்தன. புற ஊதாக் கதிர் பட்டவையோ ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. ஆக, அங்கே பெரும்பகை வெயில்தான். நிழல் கிடைத்தால் தப்பலாம்.

ஜப்பானியர் டெயினோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரைக் கட்டியாக்கி, 2015 முதல் வெளியே வைத்து ஆராய்ந்தனர். மேலடுக்கு மடிந்தது. மடிந்தவையே கூரையாகி உள்ளிருந்தவற்றைக் காத்தன. அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கட்டிகளில் மூன்றாண்டுக்குப் பின்னும் உயிர் இருந்தது! 2020இல் இதை வெளியிட்டனர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். செவ்வாயில் உயிர் உண்டா என்று தேடப் போகும் கலத்தில் நம் மண்ணின் வித்து ஒட்டியிருந்தால், கண்டது செவ்வாயின் உயிரா, நாம் கொண்டுபோன தூசியா என்று எப்படிப் பிரித்தறிவது? பிற கோள்களைத் தீங்கான வகையில் மாசுபடுத்தலாகாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையே கூறுகிறது. அதனால்தான் 1975இல் புறப்பட்ட வைக்கிங் கலங்களை 111 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நாளுக்கு மேல் அடுப்பிலிட்டது போல் வாட்டி எடுத்தே அனுப்பினார்கள்.