மலைப்பாதைகளில் நாற்சக்கர இயக்க ஊர்திகள்

நாற்சக்கர இயக்கம் என்பது இயந்திரத்தின் ஆற்றலை ஓர் ஊர்தியின் நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தும் அமைப்பு ஆகும். பெரும்பாலான தானுந்துகளில் முன்னிரு சக்கரங்களோ பின்னிரு சக்கரங்களோ மட்டுமே இயந்திரத்தால் சுழற்றப்படுகின்றன. மற்ற இரண்டும் வெறுமனே உருளுகின்றன. சேறு, மணல், சரளை, ஈரப்புல் போன்ற பிடிப்புக் குறைந்த தரைகளில் நாற்சக்கர இயக்கம் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் இது ஏறும் திறனை உயர்த்துகிறதே தவிர, நிறுத்தும் தொலைவைக் குறைப்பதில்லை. கவிழாமல் காப்பதும் இல்லை. இவ்வேறுபாடு மலைப்பாதைகளில் உயிர்ச்சேதத்துடன் தொடர்புடையது. தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் இதனை விளக்க ஏற்ற இடங்கள் ஆகும்.

தேனி மாவட்டப் பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாடு-மேகமலைத் தொடருக்கும் இடையே அமைந்துள்ளது. இங்கிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் சாலைகள் ஏறுகின்றன. மெட்டு என்பது மலையைக் கடக்கும் உச்சி வழியைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லாகும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. இதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சின்னமனூரிலிருந்து மேகமலை செல்லும் சாலையில் 18 வளைவுகள் உள்ளன.

ஜீப்புகளின் காலத்துக்கு முன்பு இம்மலைகளில் சரக்குகள் வேறு வழிகளில் இறங்கின. மூணாறு பகுதியின் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை வழியாக டாப் ஸ்டேசனுக்கும், அங்கிருந்து கம்பிவழித் தொட்டிகளில் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள கொட்டகுடிக்கும் கொண்டுவரப்பட்டது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அவ்விரயில் பாதை அழிந்தது.

இன்று இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்யத் தேனி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியலில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புகின்றனர். இவர்களுள் பெண்களே மிகுதி. மெட்டு வரையிலான முதன்மைச் சாலைகள் தார்ச்சாலைகள் ஆகும்; அவற்றிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் வழிகளில் பல மண் பாதைகளே. ஏலக்காய் அறுவடை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் தொடங்கி வடகிழக்குப் பருவமழையைக் கடந்தும் நீடிக்கிறது. எனவே பாதைகள் மிகவும் வழுக்கும் மாதங்களே ஆள் போக்குவரத்து மிகுந்த மாதங்களாகவும் அமைகின்றன.

ஏற்றத்தில் பிடிப்பு

ஒரு சக்கரம் தரையைத் தள்ளக்கூடிய உச்ச விசை, அச்சக்கரத்தின் மீதுள்ள எடையையும் தரையின் உராய்வுக் கெழுவையும் பொறுத்தது. இயந்திரம் எவ்வளவு வலிமையுடையதாக இருந்தாலும் இவ்வெல்லையைத் தாண்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

எடுத்துக்காட்டாக, 1,500 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி ஒன்று, நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். அதனைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 3,570 நியூட்டன். ஈர மண்ணின் உராய்வுக் கெழு 0.35 எனவும், ஏற்றத்தில் எடையின் 60 விழுக்காடு பின் சக்கரங்களின் மீது விழுகிறது எனவும் கொண்டால்:

- பின்னிரு சக்கரங்கள் மட்டும் இயங்கும்போது கிடைக்கும் உச்ச விசை ஏறத்தாழ 3,000 நியூட்டன். ஊர்தி ஏறாது, சக்கரம் சுழன்று குழி பறிக்கும்.
- நான்கு சக்கரங்களும் இயங்கும்போது கிடைக்கும் உச்ச விசை ஏறத்தாழ 5,000 நியூட்டன். ஊர்தி ஏறும்.

இயந்திரம் ஒன்றே, எடை ஒன்றே, டயர் ஒன்றே. முழு எடையும் உந்துதலுக்குப் பயன்பட்டது மட்டுமே வேறுபாடு.

இறக்கத்தில் நிலை

பிரேக் எல்லா ஊர்திகளிலும் நான்கு சக்கரங்களிலும் செயற்படுகிறது. எனவே நிறுத்துவதில் நாற்சக்கர இயக்க ஊர்திக்குத் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை. மேற்கண்ட அதே சரிவில் அதே ஊர்தி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். கிடைக்கும் 5,000 நியூட்டனில் 3,570 நியூட்டன் சரிவின் இழுப்பை எதிர்க்கவே செலவாகிறது. எஞ்சும் விசையில் ஊர்தி நிற்க ஏறத்தாழ 36 மீட்டர் தேவை. அதே ஈர மண் சமதளமாக இருந்தால் 10 மீட்டர் போதும். சுலபமாக ஏறிய பாதை என்பதால் அதே வேகத்தில் இறங்கலாம் என்று கருதுவது இதனாலேயே ஆபத்தானது.

நீண்ட இறக்கங்களில் வெப்பமும் ஒரு சிக்கல் ஆகும். 1,500 கிலோகிராம் ஊர்தி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 15 மெகாசூல் ஆற்றல் வெளியேற வேண்டும். ஆட்களும் சுமையும் சேர்ந்து எடை 2,200 கிலோகிராம் ஆனால் இது 22 மெகாசூல் ஆகிறது. இதன் பெரும்பகுதியைப் பிரேக் மட்டுமே ஏற்றால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே ஊர்தியை இழுத்துப் பிடித்து அச்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற ஓட்டுநர் மரபுக்கு அடிப்படை இதுவே.

முதன்மை உறுப்புகள்

பகிர்வுப் பெட்டி: கியர்பெட்டியிலிருந்து வரும் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டி ஆகும். பல ஜீப்புகளில் இதற்கெனத் தனியே ஒரு சிறு கியர் கம்பி இருக்கும்.

தாழ்நிலை: பகிர்வுப் பெட்டியில் உள்ள கூடுதல் பல்லிணைப்பு. இது வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையை 2 முதல் 2.5 மடங்கு வரை பெருக்குகிறது. செங்குத்தான ஏற்றத்தில் கிளட்சைத் தேய்க்காமல் ஊர்ந்து ஏறவும், இறக்கத்தில் நடைவேகத்தில் இறங்கவும் உதவுவது இதுவே.

வேறுபாட்டுப் பல்லிணை: 'டிபரன்சியல்' என வழங்குவது. திருப்பங்களில் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது இடமளிக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் ஆற்றல் அதன் வழியே வீணாவது இதன் குறை. இதனைத் தவிர்க்கப் பூட்டக்கூடிய டிபரன்சியல்களும், வீணே சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கும் மின்னணு முறைகளும் உள்ளன.

பகுதிநேர அமைப்பு: பெரும்பாலான ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் நாற்சக்கர நிலையில் இறுகப் பிணைக்கப்படுகின்றன. ஆனால் திருப்பத்தில் முன் அச்சு செல்லும் தொலைவு அதிகம். 2.4 மீட்டர் அச்சிடைத் தொலைவு கொண்ட ஊர்தியின் பின் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் திரும்பினால், முன் அச்சு ஏறத்தாழ 1.4 மீட்டர் கூடுதலாகச் செல்கிறது. சேற்றில் டயர் சறுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் அது இயலாது. ஸ்டியரிங் கனக்கும், பல்லிணைகள் இறுகும், ஊர்தி வளைவில் நேராகச் செல்ல முற்படும். எனவே உலர்ந்த போடிமெட்டுச் சாலையில் இருசக்கர இயக்கத்திலும், தோட்டத்து மண் பாதையில் நாற்சக்கர இயக்கத்திலும் செல்வதே முறையாகும்.

ஊர்தி வகைகளின் ஒப்பீடு

வில்லிஸ் மரபு ஜீப்புகள்: 1941 முதல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட ஜீப்பின் வழிவந்தவை. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இவற்றை இந்தியாவில் ஒன்றிணைக்கத் தொடங்கியது. உறுதியான சட்டகம், இலை வில்கள், எளிய பழுதுபார்ப்பு ஆகியவை இவற்றின் நிறைகள். கனத்த ஸ்டியரிங்கும் குதிக்கும் பின்புறமும் குறைகள். ஜீப் என்று அழைக்கப்படுவதாலேயே ஓர் ஊர்தியில் நாற்சக்கர இயக்கம் இருப்பதாகக் கொள்ள இயலாது. மகிந்திரா கமாண்டர் போன்றவை இருசக்கர இயக்கத்திலும் விற்கப்பட்டன.

மாருதி ஜிப்சி: 1985-இல் அறிமுகமாகி 2010களின் இறுதி வரை உற்பத்தியில் இருந்தது. பிற்கால 1.3 லிட்டர் வகையின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம் மட்டுமே. எடை குறைவு என்பதால் சேற்றில் புதைவது குறைவு. இறக்கத்தில் பிரேக்கின் சுமையும் குறைவு. இதன் பெட்ரோல் இயந்திரம் உச்ச முறுக்கு விசையான 103 நியூட்டன்-மீட்டரை நிமிடத்துக்கு 4,500 சுழற்சிகளிலேயே தருவதால் ஏற்றத்தில் வேகமாகச் சுழற்றி ஓட்ட வேண்டியிருக்கும்.

மகிந்திரா தார்: 2010-இல் வந்த முதல் தலைமுறையின் 2.5 லிட்டர் டீசல் இயந்திரம் 247 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசையைத் தாழ்ந்த சுழற்சியிலேயே தந்தது. ஊர்ந்து ஏறுவதற்கு இது மிகவும் ஏற்றது. எடை ஜிப்சியினும் மிகுதி. 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் சாலையில் கையாளுதல் வெகுவாக மேம்பட்டது.

ஏ.டி.வி.: இருசக்கர மோட்டார் ஊர்தியைப் போல் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பப்படும் நாற்சக்கர ஊர்தி. இவற்றில் நாற்சக்கர இயக்கம் 1980களின் நடுப்பகுதியில் ஹோண்டா நிறுவனத்தின் வழியே பரவத் தொடங்கியது. முன்னர் விற்கப்பட்ட மூன்று சக்கர வகைகள் எளிதில் கவிழ்ந்ததால் அமெரிக்காவில் 1988-இல் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. 500 முதல் 600 க.செ.மீ. வரையிலான ஏ.டி.வி.யின் எடை ஏறத்தாழ 300 முதல் 350 கிலோகிராம். அகன்ற, காற்றழுத்தம் குறைந்த டயர்கள் மென்மையான தரையிலும் நன்கு பிடிக்கின்றன. குறுகிய ஒற்றையடிப் பாதையிலும் திரும்ப இயலும். 70 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஊர்தியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னும் உடலைச் சாய்ப்பதே கையாளுதலின் பெரும்பகுதி ஆகிறது. ஒருவருக்கென அமைந்த ஏ.டி.வி.யில் இன்னொருவர் ஏறினால் இச்சமநிலை குலைகிறது. இவற்றுள் பல வார்ப்பட்டையால் தானே கியர் மாறுபவை. சிலவற்றில் வேகம் மிகக் குறையும்போது பட்டை விடுபட்டு, இயந்திரத்தின் இழுத்துப்பிடிக்கும் விசை அற்றுவிடும். இந்தியாவில் பெரும்பாலான ஏ.டி.வி.கள் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு பெறுவதில்லை. தோட்டத்துக்குள் மருந்துத் தெளிப்பான், உரம் முதலியவற்றைக் கொண்டுசெல்ல இவை ஏற்றவை. ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புக்கு மாற்றாகா.

சுமையும் கவிழ்தலும்

ஓர் ஊர்தி எளிதில் கவிழுமா என்பதை, அதன் சக்கர அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து மதிப்பிடலாம். சக்கர அகலம் 1.3 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.65 மீட்டர் எனில் இம்மதிப்பு 1.0. பின்புறம் ஆட்கள் நின்றும் கூரையில் மூட்டை ஏற்றியும் ஈர்ப்பு மையம் 0.8 மீட்டருக்கு உயர்ந்தால் மதிப்பு 0.81 ஆகக் குறைகிறது. உலர்ந்த சமதளத் தார்ச்சாலையில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முதல் ஊர்தி மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டரிலும், இரண்டாவது 32 கிலோமீட்டரிலும் கவிழும் எல்லையை அடைகின்றன. ஊர்தியின் அசைவும் வில்களின் சாய்வும் இவ்வெல்லைகளை மேலும் தாழ்த்தும்.

பின்புறச் சுமைக்கு இன்னொரு விளைவும் உண்டு. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை முன் சக்கரங்களை இலேசாக்குகிறது. திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் சக்கரங்களே என்பதால், கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டைச் சிறிது குறைக்கிறார். ஏற்றத்தில் நாற்சக்கர இயக்கம் இதனை மறைத்துவிடுகிறது. மாலையில் இறங்கும்போதுதான் அது வெளிப்படுகிறது.

இருசக்கர இயக்க ஊர்திகளுக்கும் இவ்விறக்கங்கள் ஆபத்தானவையே. 2022 திசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டப் பக்தர்களின் ஊர்தி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் வீழ்ந்ததில் எட்டுப் பேர் உயிரிழந்தனர்.

சட்டமும் பாதுகாப்பும்

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-அ பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றப்படும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் தண்டம் விதிக்கப்படுகிறது. கூடுதல் பயணிகளை இறக்கி மாற்று ஊர்திக்கு ஏற்பாடு செய்யும்வரை அவ்வூர்தி நகர அனுமதியில்லை. மலைப்பாதையில் ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை:

- இறக்கம் தொடங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாறுதல், நடுநிலையில் உருளவிடாதிருத்தல்.
- மண் பாதையின் செங்குத்தான இறக்கங்களில் தாழ்நிலை நாற்சக்கர இயக்கத்தைப் பயன்படுத்துதல். உலர்ந்த தார்ச்சாலையில் அதனை விலக்குதல்.
- கனமான சுமையைத் தளத்திலும் இரு அச்சுகளுக்கு இடையிலும் வைத்தல், கூரையில் ஏற்றாதிருத்தல்.
- பின்கதவுக்கு வெளியே ஆட்களை நிற்கவிடாதிருத்தல்.
- நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஒத்த தேய்மானத்திலும் இருக்கப் பார்த்தல். அச்சுகள் பிணைக்கப்பட்ட ஊர்தியில் டயர் அளவு வேறுபட்டாலும் பல்லிணைகள் இறுகும்.