கராஜ் கதவும் கரண்ட் பில்லும்

வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையில் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளத்தில் இருந்தது ஒரு ஹோலும் குசினியும் கராஜும்தான். கார் விற்கப்பட்ட பிறகு அந்தக் கராஜ் வெறுமனே கிடந்தது. பிள்ளைகள் கூடிப் பேசி அதையே வாப்பாவின் அறையாக்கினார்கள். தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள், கட்டில் போட்டார்கள், வுழூச் செய்ய ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தார்கள். கதவை மட்டும் மாற்றவில்லை. கடும் மண்ணிறப் பெயின்ற் பூசிய தகட்டுக் கதவு. மேற்குப் பார்த்தது.

அஸருக்குப் பிறகு அந்தக் கதவில் கை வைக்க முடியாது. இஷாத் தொழுதுவிட்டு வந்து படுத்தாலும் அறை அடுப்படி போலவே இருந்தது. ஏ.ஸீ. பூட்டினார்கள். அடுத்து வந்த கரண்ட் பில்லைப் பார்த்து வீடே திடுக்கிட்டது. பிள்ளைகள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் உறங்கிய பிறகு அவர் தாமே எழுந்து ஏ.ஸீ.யை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்தபடி படுத்திருந்தார். ஒருநாள் நடுநிசியில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகள்தான் இதைக் கண்டுகொண்டார்.

வாசக சகோதர சகோதரிகளே! பெயரை மாற்றினால் இது நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான். கொழும்பில் காணி சுருங்கிக்கொண்டே போகிறது. வெள்ளவத்தையில் கராஜ் படுக்கையறையாகிறது, டியூஷன் வகுப்பாகிறது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளில் ஷட்டர் போட்ட முன்னறை பகலில் கடை, இரவில் பிள்ளைகள் படுக்கும் இடம். காருக்கும் சரக்குக்கும் என்று செய்த கதவு மனிதருக்குப் பொருந்துமா என்று நாம் யோசிப்பதில்லை.

கதவு செய்யும் வேலை

குளிர் நாடுகளில் கராஜ் கதவுக்கு உட்புறமாக வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டுவது வழக்கம். வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாதிருக்க அவர்கள் அதைச் செய்கிறார்கள். நமக்கோ வெளியே இருக்கும் சூடு உள்ளே வராதிருக்க வேண்டும். திசை மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

மெல்லிய இரும்புத் தகடு வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. கடும் நிறம் பூசியிருந்தால் தன்மீது விழும் வெயிலின் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு உட்புறமாக அந்தச் சூட்டை வீசுகிறது. மஃரிபுக்குப் பின் தகடு விரைவில் ஆறிவிடும். ஆனால் அதற்குள் சுவரும் தரையும் மெத்தையும் சூட்டை வாங்கிச் சேமித்துவிடுகின்றன. இரவில் நம்மை வாட்டுவது அந்தச் சேமிப்புத்தான்.

கதவு எந்தத் திசை பார்க்கிறது என்பதும் முக்கியம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் பெரும்பாலான வீடுகள் வடக்கோ தெற்கோ பார்த்தவை. தெற்குப் பார்த்த கதவில் ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரையும், வடக்குப் பார்த்த கதவில் மே முதல் ஓகஸ்ட் வரையும் வெயில் சாய்ந்து விழும். மரைன் டிரைவைப் பார்த்த வீடுகளுக்கும், காலி வீதியின் கிழக்குப் பக்கக் கடைகளுக்கும் ஆண்டு முழுவதும் மாலை வெயில்தான். ஏப்ரல் மாத முற்பகுதியில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது கதவைவிடக் கூரைக்கே அடி அதிகம்.

பணம் போகும் வழி

சாதாரண சீலிங் பேன் ஒன்று 60 முதல் 75 வாட் வரை இழுக்கும். இரவில் பத்து மணி நேரம் ஓடினாலும் ஓர் அலகு ஆகாது. சிறிய அறைக்கான ஏ.ஸீ. ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். சூடேறிய அறையில் அது ஓய்வெடுக்காமல் ஓடும். ஓர் இரவுக்கு 6 அலகு என்று வைத்தாலும் மாதத்துக்கு 180 அலகு!

நமது நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையைக் கொண்டது. 60, 90, 120, 180 என்று ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் அடுத்து வரும் அலகின் விலை கூடுகிறது. மாதாந்த நிலைக் கட்டணமும் கூடுகிறது. ஆகவே கடைசியாகச் செலவழிக்கும் அலகுதான் மிக விலையானது. மிச்சம் பிடிக்கும்போதும் அந்த விலையான அலகுதான் முதலில் குறையும்.

இதை நாம் அனுபவித்தே படித்திருக்கிறோம். 1996 ஆம் ஆண்டு வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியன் தன் நேரத்தை மாற்றவில்லை. நாம்தான் தொழுகை நேர அட்டவணையைத் திருத்திக்கொண்டோம். பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது 2006 ஏப்ரலில்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அதே ஆண்டு ஓகஸ்டிலும், அடுத்து 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது. 900 மெகாவாட் கொண்ட நுரைச்சோலை நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வருகிறது. அதற்கு டொலர் வேண்டும். ஒரு தகட்டுக் கதவின் சூட்டைத் தணிக்கவும் அந்த டொலரில் ஒரு துளி செலவாகிறது.

செய்யக் கூடியவை

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

1. நிழல். வெயிலைக் கதவுக்கு வெளியிலேயே தடுப்பது, உள்ளே வந்த பிறகு தடுப்பதைவிட மேல். மூங்கில் தட்டி, ஒரு சிறு சாய்ப்பு, தொட்டியில் வளர்த்துப் படரவிட்ட கொடி, எதுவானாலும் சரி.

2. வெள்ளை நிறம். கடும் நிறக் கதவுக்கு வெளிப்புறம் வெள்ளைப் பெயின்ற் பூசினால் விழும் வெயிலில் பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடும். கடற்காற்று படும் இடத்தில் முதலில் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும்.

3. உள் தடுப்பு. நாம் றிஜிபோம் என்று சொல்லும் பலகையில் ஓர் அங்குலத் தடிப்பானதை உட்புறமாகப் பொருத்தினால், வெறும் தகட்டினூடாக வரும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். வெள்ளி நிறத் தாள் பயன்படுத்துவதானால், அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் சிறிது காற்றிடை விட வேண்டும்; எதனோடும் ஒட்டிக் கிடந்தால் பயன் இல்லை.

4. இடைவெளிகள். கதவின் அடியிலும் ஓரத்திலும் இறப்பர் பட்டி வைத்தால் சூட்டுக் காற்றும் மழைத் தண்ணீரும் எலியும் நுழையாது. கதவுக்கு மேலே நுளம்பு வலை அடித்த ஒரு காற்றுத் துவாரம் வையுங்கள். ஏ.ஸீ. ஓடும்போது அதை மூடலாம். மற்ற வேளையில் சூடு அதன் வழியே வெளியேறும்.

கவனிக்க வேண்டியவை

சுருட்டி ஏற்றும் ஷட்டரில் பலகையை ஒட்ட முடியாது, சுருளாது. அதற்கு உள்ளே தனியாக ஒரு மரச்சட்டத் தட்டி செய்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கில் மேலே தூக்கும் கதவானால், கூடும் பாரத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கைத் திருத்தத் தெரிந்த பாஸைக் கொண்டே வேலை செய்விக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு தலையில் விழும்.

றிஜிபோம் எளிதில் தீப்பற்றும். கரும் நச்சுப் புகை விடும். அதைத் திறந்தபடி விடாமல் சிமெந்துத் தகட்டினாலோ ஜிப்சம் தகட்டினாலோ மூடுங்கள். வயர், பிளக், அடுப்பு அருகில் வேண்டாம். கார், மோட்டார் சைக்கிள், ஜெனரேற்றர், காஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தை இறுக அடைக்கவே கூடாது. மணமில்லாத புகை உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆள் படுக்கும் அறைக்கு வெளியேற ஒரு வழி எப்போதும் உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்கட்டும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதற்குக் கீழே தனியாக ஒரு சீலிங் அடியுங்கள்.

இன்னொன்று. வெறுமனே கார் நிற்கும் கராஜுக்கு இந்தச் செலவெல்லாம் வீண். அங்கே ஆளும் இல்லை, ஏ.ஸீ.யும் இல்லை, மிச்சப்பட எதுவும் இல்லை. கூரையே வெயிலில் கிடக்கும் அறையானால் முதற் பணம் கூரைக்குப் போகட்டும், கதவு அடுத்தது. மிச்சம் பிடிப்பதற்கென்று வீண்செலவு செய்வதும் வீண்விரயம்தானே!

வெயிலின் கடுமையில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாமதித்து, வெப்பம் தணிந்த பின் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிழலையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுகிறான். விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கண்டிக்கிறான். உடலுக்கு ஆறுதலும் வேண்டும், விரயமும் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் மார்க்கம் நமக்குக் கற்றுத் தருகிறது.

அந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வருவோம். மாடி மேலே இருந்ததால் அங்கே கூரை வெயில் இல்லை, குற்றவாளி கதவுதான். தச்சுப் பாஸ் ஒருவர் இரண்டு நாளில் சட்டம் அடித்து, பலகை வைத்து, மேலே தகடு மூடிக் கொடுத்தார். வெளியே வெள்ளைப் பெயின்ற், ஒரு மூங்கில் தட்டி. ஏ.ஸீ.யைக் கழற்றவில்லை. படுக்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் ஓடுகிறது. பிறகு பேன் போதுமாக இருக்கிறது.

வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. உடம்பு சூட்டைச் சமாளிப்பதும் குறைவு. அவர்கள் வாய் விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். இன்று அஸருக்குப் பிறகு உங்கள் வாப்பாவோ உம்மாவோ படுக்கும் அறைக்குப் போய், கதவிலும் சுவரிலும் ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள்.